ஆயில் கூலர் குழாய்களைக் கழற்றிவிடலாமா? (1994 பிக்கப், 5.7 வி8)

பழைய பிக்கப்:

வணக்கம். என்னிடம் 1994 மாடல் பிக்கப் ஒன்று இருக்கிறது. 5.7 லிட்டர் பெட்ரோல் வி8, ஷெவர்லேயின் ‘ஸ்மால் பிளாக் 350’ என்ஜின். ஆயில் ஃபில்டருக்கு மேலே ஒரு தடித்த அலுமினிய அடாப்டர் இருக்கிறது. அதிலிருந்து இரண்டு குழாய்கள் கிளம்பி, என்ஜின் ஓரமாகவே முன்னால் போய், ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள் நுழைகின்றன. குழாயின் இரண்டு முனையும் உலோகம், நடுவில் மட்டும் ரப்பர் ஹோஸ்.

ரப்பரும் உலோகமும் சேரும் இடத்தில் ஆயில் கசிகிறது. முதலில் ஆயில் பேன் கேஸ்கெட் என்றுதான் நினைத்தேன், ஏனென்றால் துளி விழுவது அதன் ஓரத்திலிருந்து. பிறகு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஹோஸ் முழுக்க முகப்பவுடர் தூவி, இருபது நிமிடம் வண்டியை ஓட்டிவிட்டு வந்து பார்த்தேன். இணைப்பு வளையத்துக்குக் கீழே மட்டும் பவுடர் நனைந்து ஒரு கோடு இறங்கியிருந்தது. மற்ற இடமெல்லாம் வெள்ளையாகவே இருந்தது.

நான் ட்ரெய்லர் இழுப்பதில்லை. மலைப்பாதையில் பாரம் ஏற்றிப் போவதும் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள், ஒரு தடவைக்கு முக்கால் மணி நேர ஓட்டம், அவ்வளவுதான். அப்படியிருக்க இந்தக் குழாய்கள் எனக்குத் தேவையா? கழற்றிவிட்டால் என்ஜினுக்குக் கெடுதல் வருமா? கழற்றினால் அந்தத் துளைகளை என்ன செய்வது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


நாலு சக்கரம்:

ரொம்ப யோசிக்காதீர்கள். குழாய் இரண்டையும் கழற்றிவிட்டு அடாப்டரில் உள்ள இரண்டு துளைக்கும் பித்தளை அடைப்பான் போட்டு இறுக்கிவிடுங்கள். ஒரு மணி நேர வேலை.


கிரீஸ் துணி:

பழைய பிக்கப், தயவுசெய்து அடைப்பான் போட வேண்டாம். மேலே சொன்ன நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் இதில் நடக்கும் தவறு உடனே தெரியாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்த என்ஜினில் ஆயில் பம்ப் பின்பக்க மெயின் பேரிங் மூடியில் தொங்குகிறது. அங்கிருந்து ஆயில் மேலே ஏறி, பிளாக்கின் (என்ஜினின் முக்கிய உடல்) பின்பக்க ஓரத்தில் ஃபில்டர் உட்காரும் இடத்துக்கு வருகிறது. ஃபில்டரைத் தாண்டித்தான் பேரிங்குகளுக்குப் போகும். கூலர் உள்ள வண்டியில் பம்ப் தள்ளும் ஆயில் அடாப்டருக்குள் வந்து, ஒரு குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போய், இன்னொரு குழாயில் திரும்பி வந்து, அதன் பிறகே மேற்கொண்டு நகர்கிறது. அதாவது அந்த இரண்டு துளைகள் ஆயில் போகிற வழியிலேயே இருக்கின்றன. ஏதோ ஓரத்தில் பிரியும் கிளை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பம்புக்கும் பேரிங்குக்கும் நடுவில் உள்ள சாலை அது.

அந்தச் சாலையை அடைத்தால் என்ன ஆகும்? அடாப்டருக்குள் ஒரு பைபாஸ் வால்வு இருந்து, அது ஒழுங்காக வேலை செய்தால், ஸ்பிரிங்கைத் தள்ளித் திறந்துகொண்டு ஆயில் போகும். கூலர் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ எப்போதாவது திறப்பதற்கென்று வைத்த வால்வு அது. ஆயுள் முழுக்க எல்லா ஆயிலும் அதன் வழியாகவே போவதற்கு வைத்ததல்ல. வால்வு சிக்கிக்கொண்டாலோ, அந்த வகை அடாப்டரில் வால்வே இல்லாவிட்டாலோ, என்ஜின் சில நிமிடங்கள்கூடத் தாங்காது. உங்கள் அடாப்டர் எந்த வகை என்பதை வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

சரி, குழாய்கள் தேவையா என்ற கேள்விக்கு வருகிறேன். டாஷ்போர்டில் சாமான் வைக்கும் அறையின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு ஸ்டிக்கரில் மூன்றெழுத்துக் குறியீடுகள் வரிசையாக இருக்கும். அதில் கேசி4 என்று இருந்தால் அதுதான் என்ஜின் ஆயில் கூலர். தனியாகக் கேட்டு வாங்கும் ஆப்ஷன் அது. இதே 5.7 என்ஜின் கூலர் இல்லாமலும் தொழிற்சாலையிலிருந்து வந்திருக்கிறது, நன்றாகவே ஓடியும் இருக்கிறது. நீங்கள் சொல்கிற உபயோகத்துக்குக் கழற்றலாம் என்பது என் எண்ணம்.

எப்படிக் கழற்ற வேண்டும் என்றால், அந்தத் தடித்த அடாப்டரையே முழுசாக எடுத்துவிட வேண்டும். பிளாக்கில் அது இரண்டு போல்ட்டில் நிற்கிறது. அதே இரண்டு துளையில், கூலர் இல்லாத வண்டிகளுக்கு வரும் சாதாரண ஃபில்டர் அடாப்டரைப் பொருத்த வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் சாமான். நடுவில் ஃபில்டர் திருகும் மரை முனை, பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த வட்டத் தகடு. அந்தத் தகடுதான் ஃபில்டரின் பைபாஸ் வால்வு. பந்தய என்ஜினுக்கென்று வால்வு இல்லாத அடாப்டரும் கிடைக்கிறது, அதை வாங்கிவிடாதீர்கள். ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ, காலையில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ இந்த வால்வு சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்த வித்தியாசத்தில் திறந்து பேரிங்குக்கு ஆயிலை அனுப்பும். சுத்தம் செய்யாத ஆயில் கொஞ்ச நேரம் போனால் பரவாயில்லை, ஆயிலே போகாமல் இருந்துவிடக் கூடாது.

இதை இத்தனை அக்கறையாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. எனக்கும் இதே என்ஜின், இதே குழாய். கசிவைப் பார்த்தும் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று விட்டு வைத்திருந்தேன். ஒரு நாள் நெடுஞ்சாலையில் போகும்போது காருக்குள் சூடான ஆயில் வாசனை வந்தது. கண்ணாடியில் பின்னால் பார்த்தால் வெள்ளைப் புகை. ஆயில் பிரஷர் கேஜைப் பார்த்தேன், முள் நடுவிலிருந்து சரிந்து கீழே போய்க்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துவிட்டு வண்டியை ஓரத்துக்கு உருட்டினேன். குனிந்து பார்த்தபோது ஹோஸ் வளையத்திலிருந்து முழுசாகப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன், நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை. இன்னும் அரை நிமிடம் ஓடியிருந்தால் அந்த என்ஜின் இன்று என்னிடம் இருந்திருக்காது. கசிவாகத்தான் ஆரம்பிக்கும், ஆனால் கசிவாகவே முடியும் என்று நம்பி உட்கார வேண்டாம். நீங்கள் இந்த வாரமே செய்துவிடுங்கள்.


ட்ரெய்லர் பயணி:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நான் இரண்டு டன்னுக்கு மேல் இழுக்கிறவன். ஏற்றத்தில் இரண்டாவது கியரில் அரை மணி நேரம் போனால் ஆயில் எவ்வளவு சூடாகும் என்பதைத் தனிக் கேஜ் வைத்துப் பார்த்திருக்கிறேன். கூலரைக் கழற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. பழைய குழாயை எடுத்துவிட்டு, மேலே உலோகப் பின்னல் உள்ள ஹோஸும் திருகி இறுக்கும் ஃபிட்டிங்குகளும் போட்டுவிட்டேன். அமுக்கிப் பிடிக்கும் வளையமே இல்லாததால் அந்த இடத்தில் கசிவு என்ற பேச்சே வரவில்லை.

இன்னொரு விஷயத்தையும் யாரும் சொல்லவில்லை. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஆயிலைக் குளிர வைக்க மட்டும் இல்லை. கூலன்ட் ஆயிலை முந்திக்கொண்டு சூடாகும், அந்தச் சூடு ஆயிலுக்கும் போகும். குளிர்காலத்தில் சின்னச் சின்ன ஓட்டம் ஓடுகிறவர்களுக்கு அது நல்லதுதானே? அதனால் ‘தேவையில்லாத குழாய்’ என்று சட்டென்று சொல்லிவிட வேண்டாம்.


கிரீஸ் துணி:

ட்ரெய்லர் பயணி சொல்வது முழுக்கச் சரி. இழுப்பவர்கள், பாரம் ஏற்றுபவர்கள், கொதிக்கும் வெயிலில் நாள் முழுக்க ஓட்டுபவர்கள் கூலரை வைத்துக்கொண்டு குழாயை மட்டும் மாற்றுவதுதான் நல்லது. நான் எழுதியது கேள்வி கேட்டவரின் வண்டிக்கு.

சூடேறும் விஷயத்திலும் அவர் சொல்வது உண்மைதான். கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் 90 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் திறக்கிறது, நல்ல ஓட்டத்தில் ஆயில் 100 டிகிரியைத் தொட்டால்தான் அதில் சேர்ந்த ஈரம் ஆவியாகிப் போகும். ஆனால் ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் ஓட்டுகிறவருக்குக் கூலர் இல்லாமலே ஆயில் அந்த நிலைக்கு வந்துவிடும். ஐந்து நிமிட ஓட்டம் மட்டும் ஓட்டுகிறவர் என்றால் நானும் யோசித்திருப்பேன்.

இதைப் படிக்கும் டீசல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த யோசனையை டீசலுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். டர்போ உள்ள என்ஜினில் ஆயில் டர்போவின் சூட்டையும் சேர்த்துச் சுமக்கிறது. பழைய 5.9 கம்மின்ஸ் மாதிரியான என்ஜின்களில் கூலர் பிளாக்கின் பக்கவாட்டிலேயே, ஃபில்டர் தலைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். அங்கே கழற்ற வெளிக்குழாயே இல்லை.


பழைய பிக்கப்:

எல்லோருக்கும் நன்றி. ஸ்டிக்கரில் கேசி4 இருக்கிறது, பார்த்துவிட்டேன். வால்வு உள்ள சாதாரண அடாப்டரை ஏற்பாடு செய்துவிட்டேன். கிரீஸ் துணி அண்ணா, இன்னும் இரண்டு சந்தேகம். ரேடியேட்டர் பக்கம் இரண்டு துளை திறந்தபடி இருக்குமே, அதில் கூலன்ட் ஒழுகுமா? ஃபில்டர் பழையதே போதுமா, வேறு நம்பர் போட வேண்டுமா?


கிரீஸ் துணி:

ரேடியேட்டரில் ஒழுகாது. பக்கத் தொட்டிக்குள் இருக்கும் கூலர் தனியாக மூடிய குழாய், ஆயில் அதன் உள்ளே ஓடும், கூலன்ட் அதைச் சுற்றி வெளியே இருக்கும். குழாயைக் கழற்றினால் உள்ளே மிச்சமிருக்கும் ஆயில்தான் கொஞ்சம் ஊற்றும். அடியில் தட்டு வையுங்கள். பிறகு தூசி, பூச்சி போகாமல் இரண்டு துளைக்கும் மூடி போட்டால் போதும். இங்கே அடைப்பான் போடுவதில் எந்த ஆபத்தும் இல்லை, ஏனென்றால் என்ஜின் ஆயில் இனிமேல் இங்கே வரப்போவதில்லை.

ஆனால் கழற்றும்போது ஒரு கவனம் வேண்டும். தொட்டியை ஒட்டி ஒரு பெரிய நட்டு இருக்கும். அது கூலரைத் தொட்டியோடு பிடித்திருக்கும் நட்டு. அதைத் திருகிவிட்டால் உள்ளே உள்ள சீல் அசைந்து, இல்லாத கூலன்ட் கசிவை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். அதனால் இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்றால் ரேடியேட்டர் பக்கத்து நட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் குழாயின் நட்டைத் திருப்புங்கள். முப்பது வருஷத்துத் துரு என்பதால் முந்தின நாள் இரவே துருநீக்கி எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். அவசரப்பட்டு ஒரே இழுப்பில் திருப்பினால் மெல்லிய குழாய் நட்டோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும்.

ரேடியேட்டரின் மறுபக்கத்திலும் இதே மாதிரி இரண்டு குழாய் இருக்கலாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் அது கியர் ஆயிலுக்கானது. அதைத் தொடாதீர்கள். கியர்பாக்ஸுக்குக் கூலர் கட்டாயம் வேண்டும். சந்தேகமாக இருந்தால் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போய் அது ஆயில் ஃபில்டருக்குப் போகிறதா, கியர்பாக்ஸுக்குப் போகிறதா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

கழற்றுவதற்கு முன்பே கூலன்ட் டேங்கின் மூடியைத் திறந்து பாருங்கள், என்ஜின் நன்றாக ஆறிய பிறகு. உள்ளே காவி நிறத்தில் பசை மாதிரி மிதந்தால் ரேடியேட்டருக்குள் உள்ள கூலரே ஓட்டை. ஓடும்போது ஆயில் அழுத்தம் கூலன்ட் அழுத்தத்தைவிட அதிகம், அதனால் ஆயில் கூலன்டுக்குள் போகும். அணைத்த பிறகு ஆயில் அழுத்தம் இறங்கிவிடும், சூடான கூலன்டின் அழுத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும், அப்போது தண்ணீர் ஆயிலுக்குள் வரும். அப்படி இருந்தால் குழாயைக் கழற்றியதோடு முடியாது, ரேடியேட்டரும் மாற வேண்டும்.

ஃபில்டருக்கு வருகிறேன். ஸ்மால் பிளாக்கின் வழக்கமான மரை 13/16 அங்குலம், அங்குலத்துக்கு 16 சுற்று. பார்க்க அதே மாதிரி இருந்து மெட்ரிக் மரை உள்ள ஃபில்டர்களும் உண்டு. புதிய அடாப்டரைப் பிளாக்கில் மாட்டுவதற்கு முன்பே, கையில் வைத்துக்கொண்டு ஃபில்டரை அதில் திருகிப் பாருங்கள். விரலால் தடையில்லாமல் கடைசி வரை ஓட வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு மரை சேரவில்லை என்று கண்டுபிடிப்பது பெரிய சங்கடம்.

அடாப்டர் மாட்டும்போது செய்ய வேண்டியது: பிளாக்கின் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள், துணுக்குகள் துளைக்குள் விழாமல். தடித்த அடாப்டரின் பழைய போல்ட்டுகளை மெல்லிய அடாப்டருக்குப் போடுவதற்கு முன், நீளம் பொருந்துகிறதா என்று பாருங்கள். நீளமான போல்ட் துளையின் அடியில் முட்டிக்கொண்டால் இறுகிய மாதிரி தெரியும், ஆனால் அடாப்டர் தளர்வாகவே இருக்கும். உங்கள் வருஷத்துச் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். சின்ன போல்ட், பலம் காட்டினால் மரை போய்விடும். வால்வுத் தகடு விரலால் அமுக்கினால் உள்ளே போய்த் தானாகத் திரும்ப வருகிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று கட்டாயம் பாருங்கள். புதிய ஃபில்டரின் வளையத்தில் ஆயில் தடவி, பாதிக்கு மேல் ஆயில் ஊற்றி, கையால் மட்டும் இறுக்குங்கள்.

கடைசியாக முதல் ஸ்டார்ட். இக்னிஷன் காயிலுக்குப் போகும் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றுங்கள், நடுவில் ஸ்டார்ட்டர் ஆறட்டும். கேஜ் முள் எழுந்த பிறகே இணைப்பை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் பிரஷர் சென்சார் ஃபில்டருக்குப் பிறகு உள்ள வழியில் இருப்பதால், முள் எழுந்தால் பேரிங் பக்கம் ஆயில் வந்துவிட்டது என்று அர்த்தம். ஃபில்டரோடு சேர்த்து இந்த என்ஜினுக்கு 4.7 லிட்டர் ஆயில். கூலரிலும் குழாயிலும் நின்ற ஆயில் இனி இல்லை, அதனால் முன்பு ஊற்றிய கணக்கை மறந்துவிட்டு டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஊற்றுங்கள்.


நாலு சக்கரம்:

நான் மேலே சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். நான் அடைப்பான் போட்ட என் வண்டி வேறு மாடல், இரண்டு வருஷமாக ஓடுகிறது. ஆனால் இதைப் படித்த பிறகு அதையும் திறந்து பார்க்கப் போகிறேன். அடாப்டரைக் கழற்றாமல் இரண்டு துளையையும் ஒரு சின்ன ஹோஸால் இணைத்துவிட்டால் சரியாக இருக்குமா?


கிரீஸ் துணி:

ஆயில் போகும் வழி அடைபடாது, அந்த வகையில் அடைப்பானைவிட எவ்வளவோ மேல். வழியில் நின்றுபோன வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர நானே அப்படிச் செய்வேன். ஆனால் சூடான எஞ்சின் ஆயிலின் முழு அழுத்தத்தையும் தாங்கும் ஹோஸாக இருக்க வேண்டும். பெட்ரோல் ஹோஸையும் கிளாம்ப்பையும் போட்டால் பழைய குழாயைவிடச் சீக்கிரம் பிய்த்துக்கொள்ளும். நிரந்தரமாக வைத்துக்கொள்ள எனக்கு மனம் வராது, ஏனென்றால் பயந்ததே ஹோஸுக்குத்தான். உங்கள் வண்டியைத் திறந்து பார்த்துவிட்டு அடாப்டரின் படத்தை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.


பழைய பிக்கப்:

முடித்துவிட்டேன். நேற்றுக் காலையில் ஆரம்பித்து மாலையில் முடிந்தது. அதில் பாதி நேரம் ரேடியேட்டர் பக்கத்து மேல் நட்டுக்கே போய்விட்டது. இரண்டு தடவை ஊற வைத்து, இரண்டு ஸ்பேனரைக் கத்தரிக்கோல் மாதிரி பிடித்துச் சேர்த்து அமுக்கிய பிறகுதான் ‘டக்’ என்று விட்டது. பெரிய நட்டு அசையவே இல்லை. கூலன்ட் சுத்தமாக இருந்தது.

பழைய போல்ட்டுகளைப் பற்றி எச்சரித்ததற்குத் தனியாக நன்றி. வைத்துப் பார்த்தேன், புதிய அடாப்டருக்கு அவை நீளமாக இருந்தன. வேறு போல்ட் தேட வேண்டியதாயிற்று, ஆனால் தெரியாமல் இறுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

காயில் இணைப்பைக் கழற்றிச் சுற்றியபோது மூன்றாவது சுற்றில் முள் எழுந்தது. இப்போது நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் 20 பிஎஸ்ஐ, 2000 ஆர்பிஎம்மில் 40 காட்டுகிறது. இது போதுமா?

கழற்றிய ஹோஸை ஆர்வத்தில் கத்தியால் நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். வெளியே பார்க்க ரப்பர் நன்றாகவே இருந்தது. உள்ளே, வளையத்துக்கு அருகில், வறண்ட ஏரி மண் மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. நகத்தால் சுரண்டினால் கறுப்புத் துகளாக உதிர்ந்தது. அந்த வளையத்துக்குள் ஹோஸைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு விரற்கடை நீளம்கூட இல்லை.


கிரீஸ் துணி:

தாராளமாகப் போதும். சூடான நிலையில் 1000 ஆர்பிஎம்மில் 6, 2000-இல் 18, 4000-இல் 24 பிஎஸ்ஐ என்பதே இந்த என்ஜினுக்குக் குறைந்தபட்ச அளவு. உங்களுடையது அதற்கு வெகு மேலே இருக்கிறது.

இன்னும் இரண்டு நாள் ஓட்டிவிட்டு, ஃபில்டரின் விளிம்பையும் அடாப்டர் பிளாக்கோடு சேரும் கோட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மறுபடி பவுடர் தூவ வேண்டியதில்லை, வெள்ளைத் துணியால் ஒரு தடவை துடைத்தால் தெரிந்துவிடும். அந்த ஹோஸ் துண்டைத் தூக்கிப் போடாமல் இருந்தால் உட்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். என்னுடையது பிய்த்துக்கொண்ட இடமும் அப்படித்தான் இருந்தது.